கேட்காமல் விட்ட வீடு

புயல் நாளை மதியம் கரையைக் கடக்கும் என்று ரேடியோ சொன்னபோது, தையல்காரி ஒரு பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டால் காலர் கோணிக்கொள்ளும் என்று அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். துணி வெட்டும் பலகையைத் துடைத்து, சுண்ணக்கட்டியால் அதன் மேலேயே எழுத ஆரம்பித்தாள்.

மாமனாருக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் ஆக்சிஜன் வேண்டும். முப்பது வருடம் கல் உடைக்கிற ஆலையில் தூசி குடித்த நுரையீரல் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் ராத்திரியும் பகலும் முனகிக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் மெஷினை "என் ரெண்டாவது சம்சாரம்" என்பார் கிழவர். "முதல் சம்சாரமாவது தூங்கும்போது சும்மா இருந்தா." அந்த இரண்டாவது சம்சாரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் இருப்பது இரண்டு சிலிண்டர். ஒன்று பத்து மணி நேரம் வரும். மூன்றாவது சிலிண்டருக்கு இரண்டு நாளாக அலைந்து பார்த்துவிட்டாள், ஊரில் எங்கும் இல்லை. ஆஸ்பத்திரியில், வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்தவர்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வராந்தாவில்கூட இடமில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். போன பெரும்புயலில் இந்தத் தெருவுக்கு மின்சாரம் திரும்ப நாலு நாள் ஆனது. இரண்டு சிலிண்டரை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நாலு நாளுக்கு வரவில்லை.

ஆக, ஜெனரேட்டர்தான். நாலு வருடமாக அந்த வீட்டில் யார் வாயிலும் வராத வார்த்தை. அவள் அதைப் பலகையின் ஓரத்தில் எழுதினாள். எழுதிவிட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் நிற்கவில்லை. குடம், அண்டா, துணி ஊறவைக்கிற தொட்டி, எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாள். பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். பெட்டி அணைந்தாலும் அவை ஒரு நாள் குளிரைப் பிடித்து வைத்திருக்கும், மருந்து கெடாது. டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டாள். மாத்திரைகளை வேளைவாரியாகச் சின்னச் சின்னத் துணிப்பைகளில் போட்டு, இருட்டில் தடவியே தெரிந்துகொள்ளக் காலைப் பைக்கு ஒரு பட்டன், ராத்திரிப் பைக்கு இரண்டு பட்டன் தைத்தாள். ஜன்னல் கதவுகளுக்குக் குறுக்குக் கட்டை அடித்தாள். அவள் கை எந்த வேலையையும் அரைகுறையாக விடாது. நாலு வருடமாக அவளைத் தின்றுகொண்டிருந்த சந்தேகம் அந்தக் கையைப் பற்றியதுதான்.

சாயங்காலம் நாத்தனார் புருஷன் வந்து சேர்ந்தார். லாரி ஓட்டுகிறவர். பழைய ஜெனரேட்டர் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி லாரியிலேயே கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷன், ஆனால் எதையும் குறுக்கு வழியில் முடிக்கப் பார்ப்பார். இறக்கிய கையோடு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் சுருளவிழ்த்தார்.

"ஒரு முனை ஜெனரேட்டர்ல, இன்னொரு முனை சுவர் பிளக்ல. அவ்வளவுதான் தங்கச்சி. லைட்டு, ஃபேன், ஐஸ் பெட்டி, மாமா மெஷின், வீடு முழுக்க ஓடும்."

"அந்த ஒயரை வெளிய எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள்.

"மெயினை இறக்கிட்டுத்தானே போடப்போறோம்?"

"வெளிய எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்."

குரலில் என்ன இருந்ததோ, லாரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எந்த வீட்டில் நின்று என்ன பேசினோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய் லாரியில் போட்டுவிட்டு, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரோடு திரும்பி வந்தார். அதன் ஒரு முனை கொல்லையில் ஜெனரேட்டரில், மறுமுனை ஜன்னல் இடுக்கு வழியாக நேரே மெஷினில். வீட்டுச் சுவரில் ஓடும் கம்பிகளோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அதையும் அவள் இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் புருஷன் லைன்மேன். மின்கம்பியில் வேலை பார்க்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்பியில் கை வைக்குமுன் டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட வேண்டும். ஒவ்வொருவனுக்கும் தனிப் பூட்டு, அதில் அவன் எண். சாவி அவன் சட்டைப்பையில். அவன் இறங்கி வந்து தன் கையால் திறக்கும்வரை மேலதிகாரியே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. அவள் புருஷனுடையது சிவப்புப் பூட்டு, எண் பதினேழு.

போன பெரும்புயல் முடிந்த நாலாம் நாள், அவன் குழு இந்தத் தெருவுக்கே வந்தது. முனையில் கம்பி அறுந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஏழு வீடு, நாலு வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் டிரான்ஸ்பார்மரில் பூட்டைப் போட்டுவிட்டு வந்தான். மேலிருந்து மின்சாரம் வராது. ஆனால் ஒரு வீட்டில் மெயின் சுவிட்ச் ஏறியிருந்து, ஜெனரேட்டரும் சுவர் பிளக்கில் சொருகியிருந்தால், மின்சாரம் வீட்டிலிருந்து கம்பிக்குத் திரும்பிப் பாயும். அதனால் மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, "மெயின் இறங்கியிருக்கா?" என்று கேட்டு, உள்ளே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான். நாலாவது வீடு அவனுடையது. அங்கே கேட்கவில்லை.

"மத்த வீட்டுலயெல்லாம் கேட்டான்மா," என்று அவன் குழுவின் போர்மேன் பிறகு அவளிடம் சொன்னார். "நம்ம வீட்டுல கேக்கவே வேண்டாம், அவ கை தப்பு பண்ணாதுன்னான்." ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று டிரான்ஸ்பார்மரில் தொங்கிய பூட்டை வேறு யாரும் திறக்க மனசு வரவில்லை. சாவியை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக, அவள்தான் திறந்தாள். யாரோ சுவிட்சைத் தூக்கினார்கள். பக்கத்துத் தெருக்களில் விளக்குகள் எரிந்தன. என்ன நடந்தது என்று தெரியாத குழந்தைகள் "கரண்டு வந்துடுச்சு" என்று கைதட்டிக் கத்தினார்கள். அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

விசாரணை நடந்தது. எந்த வீட்டிலிருந்து மின்சாரம் பாய்ந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பார்க்க வந்தபோது நாலு வீட்டிலும் மெயின் இறங்கித்தான் இருந்தது. கம்பியை எர்த் போட்டு மண்ணோடு பிணைத்துவிட்டுத் தொட்டிருக்க வேண்டும், அவசரத்தில் அதை விட்டது அவன் தப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். செத்தவன் வாயைத் திறந்து மறுக்கவா போகிறான்?

அவளுக்கு மட்டும் முடியவில்லை. அந்த நாலு நாளும் தினம் இரண்டு வேளை, சுவர் பிளக்கில் சொருகிய ஒயரில்தான் ஜெனரேட்டரைக் கிளப்பினாள். நிறுத்தியதும், மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்க்க மெயினைத் தூக்கி வைப்பாள். கிளப்புமுன் இறக்குவாள். முதல் நாள் இறக்கியது நினைவிருக்கிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் நினைவிருக்கிறது. நாலாம் நாள் காலை இறக்கினாளா? சுவிட்சின் பிடியை நோக்கிக் கை போனது தெரிகிறது. அதற்கு மேல் நினைவு வர மறுக்கிறது. தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அலறல் கேட்டது. எல்லாம் முடிந்து வீட்டுக்குள் வந்தபோது மெயின் இறங்கியிருந்தது. ஓடி வந்த பதற்றத்தில் தானே அப்போதுதான் இறக்கினோமோ என்றுகூடச் சந்தேகம். அன்று வீட்டுக்குள் இருந்த ஒரே ஆள் மாமனார். அவரிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. அவரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

லாரிக்காரர் போனதும் மாமனாரிடம் போய்ச் சொன்னாள். "ஜெனரேட்டர் வந்துடுச்சு மாமா. கவலைப்படாதீங்க."

கிழவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார். "அதை எனக்காகக் கிளப்பாதே."

"சிலிண்டர் ஒரு நாள்கூட வராது மாமா."

"வர்ற வரைக்கும் வரட்டும். நீ அதைக் கிளப்பக்கூடாது. அவ்வளவுதான்."

கேலி, கிண்டல், ஒன்றும் இல்லாத குரல். நீ கிளப்பக்கூடாது என்றால் என்ன அர்த்தம்? மகனைக் கொன்ற கையால் எனக்கு மூச்சு வேண்டாம் என்பதுதானே? நாலு வருடமாக அவர் மென்று முழுங்கியது இதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

இரும்புப் பெட்டியிலிருந்து பதினேழாம் எண் பூட்டை எடுத்து எண்ணெய் விட்டாள். மறுநாள் மதியம் காற்று ஊளையிட ஆரம்பித்து, விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டி அணைந்ததும், மெயின் சுவிட்சை இறக்கி, அதன் பிடியில் இருந்த துளையில் பூட்டை மாட்டிப் பூட்டினாள். சாவியை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மழையில் ஜெனரேட்டரைக் கிளப்ப முடியாது. காற்று அடங்கும்வரை சிலிண்டர்தான்.

முதல் சிலிண்டரைத் திறந்துவிட்டுக் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது சீறல் சத்தம் இல்லை. கிழவர் வால்வைத் தானே மூடியிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் திறந்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி மூடினார். மறுபடி திறந்துவிட்டு, வால்வின் மேல் கையை வைத்தபடியே அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கூரைத் தகடு படபடவென்று அடித்துக்கொண்டது.

"வெளிப்படையா கேட்டுடறேன் மாமா," என்றாள். "அன்னிக்கு நான் மெயினை இறக்கினேனா, இல்லையா? நீங்க பாத்தீங்கல்ல? இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. அதுக்காக மூச்சை நிறுத்தி எனக்குத் தண்டனை கொடுக்காதீங்க."

கிழவர் திடுக்கிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீயா?" என்றார். "நீன்னா நினைச்சிட்டிருந்தே?"

"வேற யாரு?"

"இறக்கித்தான் வச்சிருந்தே. அம்மாடி, நீ இறக்கித்தான் வச்சிருந்தே." மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று நின்று சொன்னார். "அவன் ஜன்னலுக்கு வெளிய நின்னு, இன்னும் கால் மணி நேரம்ப்பா, கரண்டு வந்துடும்னான். எனக்கு அந்தக் கால் மணி நேரம் பொறுக்கல. ஜெனரேட்டர் புகை உள்ள வந்து ஒரே இருமல். வந்துடுச்சான்னு பாக்கலாம்னு எழுந்து போய் மெயினைத் தூக்கினேன். நீ தினமும் தூக்கிப் பாப்பியே, அது மாதிரி. நீ ஜெனரேட்டரை நிறுத்திட்டுத்தான் தூக்குவே. அது எனக்குத் தோணல. தூக்கினதும் ஜெனரேட்டர் உறுமிச்சு, லைட்டு மங்கிச்சு. பயந்து போய் இறக்கிட்டேன். ரெண்டு நொடி இருக்கும். அப்புறம் தெருவுல கத்தினாங்க."

அவள் கை வால்விலிருந்து நழுவியது.

தான் இல்லை என்று கேட்டதும் பாரம் இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இறங்கியதுதான், ஒரே ஒரு நிமிடம். அடுத்த நிமிடம் கோபம் வந்தது. நாலு வருடம்! மகனை அவரிடமிருந்து பறித்தவள் தான் என்று நினைத்தே, அவர் எச்சில் பாத்திரம் கழுவியிருக்கிறாள், படுக்கை மாற்றியிருக்கிறாள், கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் போக மறுத்திருக்கிறாள். அத்தனையும் இந்த மனிதர் வாங்கிக்கொண்டு வாய் மூடி இருந்திருக்கிறார்.

"நாலு வருஷமா என் கையால சாப்பிட்டீங்களே மாமா."

"சொன்னா நீ போயிடுவே," என்றார். "அந்தப் பயம்தான். வேற ஒண்ணும் இல்ல. நீ சந்தேகப்படறது தெரிஞ்சிருந்தா..." முடிக்காமல் விட்டார். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் பண்ண அவருக்கே துணிச்சல் இல்லை போலிருக்கிறது.

அவள் எழுந்து தையல் அறைக்குப் போனாள். கால் மெஷின்தான், மின்சாரம் வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் ஒரு சீருடைச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்தாள். முடித்துத் தூக்கிப் பார்த்தபோது கையின் உள்பக்கம் வெளியே இருந்தது. பதினைந்து வருடத் தொழிலில் அவள் அப்படித் தைத்ததே இல்லை. அதைப் பிரிக்காமல் மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். காற்றுச் சத்தத்தில் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்காது. அழுதுகொண்டே பாதிக் காதைச் சிலிண்டரின் சீறலில் வைத்திருந்தாள் என்பதுதான் வேடிக்கை. அது நிற்கவில்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. தெருவில் மரங்கள் விழுந்து கிடந்தன, ஒரு கம்பம் சாய்ந்து கம்பிகள் தரையில் புரண்டன. இரண்டாவது சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் மெஷினின் ஒயரை எடுத்தாள்.

"வேண்டாம்மா," என்றார் கிழவர். "அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு என்னால மூச்சு விட முடியாது. என்னை விட்டுடு."

"விட்டுட்டு?" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க நிம்மதியா போயிடுவீங்க. நேத்து சொன்னதை நான் ஒருத்தியா தூக்கிட்டுத் திரியணுமா? நாலு வருஷம் என்னுதில்லாததைத் தூக்கினேன். இனி உங்களுதையும் சேத்துத் தனியா தூக்க மாட்டேன். இருந்து நீங்க தூக்குங்க."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. அது வரும்போது வரட்டும். இப்ப மூச்சு விடுங்க."

குழாயை அவர் மூக்கில் மாட்டினாள். விலக்கவில்லை. கொல்லைக்குப் போய்க் கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் ஜெனரேட்டர் கிளம்பியது. உள்ளே கிழவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து நாள் அப்படியே போயிற்று. தேவைக்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாதம் வைத்தாள், சாப்பிட்டார். ஐஸ் பெட்டி பாட்டில்கள் உருகியதும் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். ஜெனரேட்டரைக் கிளப்புமுன் ஒவ்வொரு முறையும் அவள் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மூன்றாம் நாளிலிருந்து, அவள் கொல்லைப் பக்கம் நகர்ந்தாலே கிழவரும் தலையைத் தூக்கிப் பூட்டைப் பார்த்தார்.

ஆறாம் நாள் காலை மின்வாரிய வண்டி தெருவுக்குள் வந்தது. அதே போர்மேன், மீசை நரைத்திருந்தது. கூட இரண்டு இளைஞர்கள். ஒருவன் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "மெயின் இறங்கியிருக்கா?" என்று கேட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இவள் வீட்டு கேட்டில் கை வைத்தபோது, போர்மேன் தாழ்ந்த குரலில் அவனைத் தடுத்தார்.

"அங்க வேண்டாம்ப்பா. அது நம்ம ஆளு வீடு. அவங்களுக்குச் சொல்லணுமா என்ன?"

மரியாதைக்குத்தான் சொன்னார். அவள் வாசல் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வெளியே வந்தாள்.

"கேளுங்கண்ணே," என்றாள். "எங்க வீட்டுலயும் கேளுங்க."

"இல்லம்மா, உன்னைப் போய்..."

"கேட்டுட்டு, உள்ள வந்து கையால தொட்டுப் பாத்துட்டுப் போங்க."

போர்மேன் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு படியருகே வந்தார். தொண்டையைக் கனைத்தார். "மெயின் இறங்கியிருக்கா?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லுமுன் பின்னால் சுவரைப் பிடித்து நடக்கும் சத்தம் கேட்டது. மூக்குக் குழாய் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம் வந்து, கிழவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இறங்கியிருக்கு," என்றார். "பூட்டியிருக்கு. சாவி அவகிட்ட." நின்று மூச்சு வாங்கினார். "அன்னிக்கு எம் மகன் கேக்கல. கேட்டிருந்தாலும் இறங்கியிருக்குன்னுதான் சொல்லியிருப்பேன். அவன் போனப்புறம் நான்தான் தூக்கினேன். இவ இல்ல. என் மகன் மேலயும் தப்பு எழுதாதீங்க. நான்தான்னு எழுதுங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு வருடமாக ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்ட வீடுகள் அவை. போர்மேன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் போய் மாமனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விழுந்துவிடக் கூடாது என்றுதான் பிடித்தாள், பிடித்த பிறகு விடவில்லை.

போர்மேன் உள்ளே போனார். சிவப்புப் பூட்டில் பதினேழு என்ற எண்ணைப் பார்த்துச் சற்று நேரம் நின்றார். பிறகு அதைக் கையால் பிடித்து, ஒரு தடவை, இரண்டு தடவை பலமாக இழுத்துப் பார்த்தார். வெளியே வந்து, கம்பத்தடியில் காத்திருந்த இளைஞனிடம் சொன்னார்.

"பாத்தாச்சு. ஏறு."